குண்டு பல்பு மங்கும் வரை

அந்தக் கடையில் எந்தப் பெட்டி வந்தாலும் நேராகக் கரண்டில் சொருக மாட்டார்கள். எனக்கு அது தெரியாது. உள்ளே போனதும் ஆம்ப்ளிபயரை மேஜை மேல் வைத்துவிட்டு, அதன் வயரைப் பிரித்து, சுவரில் இருந்த பாயிண்ட்டை நோக்கிக் கையைக் கொண்டு போனேன்.

"அண்ணே, கைய எடுங்க."

அந்தக் குரல் சத்தமாக வரவில்லை. ஆனாலும் என் கை அந்தரத்தில் நின்றது. மேஜைக்குப் பின்னால் கறுப்பு புர்கா போட்ட ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா எப்படி நின்னுச்சுன்னு மொதல்ல சொல்லுங்க. கரண்டு பெறகு பாத்துக்கலாம்."

காளவாசலில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இருக்கிறது அந்தக் கடை. கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். வீடு பழைய ஊருக்குள். முன்னால் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசுவதும், டவுன் ஹால் பக்கம் போய்ச் சாமான் வாங்கி வருவதும் பாய் வேலை. பெட்டியைத் திறந்து பழுது பார்ப்பதெல்லாம் அவர் மனைவி. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். என்னைவிட இளையவராகத்தான் இருப்பார். ஆனாலும் மரியாதைக்கு நான் அக்கா என்றேன், அவர் என்னை அண்ணே என்றார். "ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பெரியவுகளா ஆக்கிக்கிறீக. அப்ப நான் ஒருத்தன்தான் சின்னப்பிள்ளையா?" என்று பாய் சிரித்தார்.

எனக்கு வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் ஊர். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. கொஞ்சம் நெல் வயல் இருக்கிறது, அதோடு ஒரு மைக் செட். ஒரு ஆம்ப்ளிபயர், இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, இரண்டு குழாய் ஸ்பீக்கர், அவ்வளவுதான். ஊருக்கே கேட்கும்படி மற்றவர்கள் பேச வழி செய்து கொடுக்கிற எனக்கு, நாலு பேர் முன்னால் வாய் வராது. மைக்கில் நான் பேசுவது ஹலோ என்ற ஒரே வார்த்தைதான். அதையும் இரண்டாவது தரம் சொல்லக் கூச்சமாக இருக்கும்.

அப்படிப்பட்டவன் அன்றைக்கு அக்காவிடம் தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் ஊர்க் கோயில் பொங்கலில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு ஸ்பீக்கரில் 'டொம்' என்று ஒரு சத்தம். அதன் நடுவில் அதிர்கிற காகிதக் கோன் வெளியே தள்ளிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. கருகல் வாடை வந்தது. கரண்டு எடுத்த இடத்து ஃப்யூஸ் போயிருந்தது. வேறு போட்டால் அதுவும் போனது.

"இதுக்கு முன்னாடி பெட்டில உள்ள ஃப்யூஸ் போயிருக்கா?"

"போவும். கம்பி போட்டுக்குவேன்."

பாய் ஃப்யூஸ் மூடியைத் திருகிக் கழற்றிப் பார்த்தார். நான் முறுக்கி வைத்திருந்த செம்புக் கம்பி உள்ளே இருந்தது. அதை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"மாப்ள, இது ஃப்யூஸா, பிள்ளைக்குக் கட்டுற அரணாக்கயிறா? இம்புட்டுத் தடியா இருக்கு! வீடே எரிஞ்சாலும் இது எரியாது போலயே."

மைக் செட் வைத்திருக்கிற எல்லோரும் அப்படித்தான் செய்வோம். பாதி விசேஷத்தில் பாட்டு நின்றால் வாங்குகிற பேச்சு அப்படி. அக்கா, "எப்ப வேணும்ணே?" என்று மட்டும் கேட்டார்.

"ஞாயித்துக்கெழம காலைல. என் தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து."

அன்று வியாழக்கிழமை. அக்கா நாள்காட்டியைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்லாததையும் அவர் கொஞ்சம் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

என் தங்கையைத் திருவாதவூரில் கொடுத்திருக்கிறது. வசதியான வீடு. காதுகுத்துக்குத் தாய்மாமன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும், மாமன் சீரோடு வர வேண்டும். என்னால் முடிந்த சீரை வாங்கி வைத்திருந்தேன், அது ஒரு தட்டுக்குள் அடங்கிவிடும். தங்கையின் கொழுந்தன், "எனக்குத் தெரிஞ்ச பெரிய செட்டு மேலூர்ல இருக்கு. லைட்டோட வந்து எறங்கும்" என்று சொன்னபோது, தங்கை குறுக்கே விழுந்து, "எங்க அண்ணன் செட்டுதான் பாடணும்" என்று சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் அவள் அடித்துப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றிலிருந்து என் செட்டு வெறும் செட்டு இல்லை, அவள் வாக்கும் ஆகிவிட்டது. அது பாடாமல் போனால் நான் ஒரு நாள் தலை குனிந்துவிட்டு ஊருக்கு வந்துவிடுவேன். அவள் அங்கேயே இருக்க வேண்டியவள்.

அக்கா வேலையைத் தொடங்கினார். மூடியைத் திறப்பதற்கு முன், பாயைப் பார்த்து, "எடுத்தாச்சா?" என்றார்.

"எடுத்தாச்சு. இந்தா கையில" என்று பாய் என் ஆம்ப்ளிபயரின் பிளக்கைத் தூக்கிக் காட்டினார்.

அது எங்கேயும் சொருகப்படவே இல்லை, நான்தான் கையோடு கொண்டு வந்தேன். பிறகு எதற்கு இந்தக் கேள்வி என்று நினைத்தேன். பார்க்கப் பார்க்கத்தான் புரிந்தது. அக்காவின் கை பெட்டிக்குள் இருக்கிற வரைக்கும் அதன் பிளக் பாயின் கையில் இருக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கிக் கீழே போட்டாலும் போதாது. கையில் பிடித்துக்கொண்டே வருகிறவர்களிடம் பேசுவார், போனில் பேசுவார், டீ குடிப்பார். ஒரு தடவை அவருக்குத் தும்மல் வந்தது. துண்டை எடுக்க ஒரு கைதான் மிச்சம் இருந்தது, அந்தக் கையாலேயே சமாளித்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் அந்த அம்மா கேட்கிறார், ஒவ்வொரு முறையும் அவர் தூக்கிக் காட்டுகிறார். இருவருக்கும் சலிக்கவில்லை.

பிளக் கையில் இருந்தும் அக்கா உடனே உள்ளே தொடவில்லை. சின்ன டம்ளர் அளவுக்கு இருக்கும் இரண்டு கண்டன்சர்களைக் காட்டி, "கரண்ட எடுத்தாலும் இது கொஞ்ச நேரம் வச்சிருக்கும்ணே" என்றார். மீட்டர் முனையை அதில் வைத்துப் பார்த்தார். மிச்சம் இருந்தால் வடித்துவிட, வயர் கட்டிய ஒரு பெரிய ரெசிஸ்டர் வைத்திருந்தார். இடது கை மடியிலேயே இருந்தது. சில பேர் ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பொறி பறக்க அடித்து இறக்குவதை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பெரிய திறமை என்றும் நினைத்திருக்கிறேன். இந்த அம்மா செய்ததில் பொறியும் இல்லை, சத்தமும் இல்லை. மீட்டரில் எண் இறங்கி அடங்கியது, அவ்வளவுதான்.

பிறகுதான் அந்தப் பலகையை எடுத்தார். ஒரு பல்பு ஹோல்டர், ஒரு பிளக் பாயிண்ட். கரண்டு முதலில் பல்புக்குள் போய், அதைத் தாண்டித்தான் ஆம்ப்ளிபயருக்கு வரும். பல்பு பழைய காலத்துக் குண்டு பல்பு. இப்போதைய எல்.இ.டி. இதற்கு ஆகாதாம். எந்தப் பலசரக்குக் கடையில் பழைய சரக்கு கிடந்தாலும் பாய் வாங்கி வந்துவிடுவார். பீரோவுக்குள் அவற்றை முட்டை அடுக்குகிற அட்டையில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

"உள்ள ஷார்ட் இருந்தா பல்பு முழுசா எரியும். வர்ற கரண்ட அது வாங்கிக்கிடும், பெட்டி தப்பிச்சிரும். உள்ள சரியா இருந்தா ஒரு மின்னு மின்னிட்டு மங்கிரும்."

கையைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு பாய்க்குத் தலையாட்டினார். பாய் சொருகினார். குண்டு பல்பு பளீரென்று எரிந்தது. அந்தச் சின்னக் கடை முழுக்க மஞ்சள் வெளிச்சம். அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, நோயாளிக்குக் காய்ச்சல் பார்த்த நர்ஸ் மாதிரி இருந்தார்.

"எடுத்தாச்சா?"

"இந்தா கையில."

அன்று சாயங்காலத்துக்குள் போன டிரான்சிஸ்டர்களைக் கழற்றிவிட்டார். புதுசும், கருகின என் ஸ்பீக்கருக்கு வேறொன்றும் வாங்க பாய் கிளம்பினார். மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து கடை திறக்க நேரமாகும் என்பதால் சனிக்கிழமை காலையில் வரச் சொன்னார்கள்.

சனிக்கிழமை நான் போனபோது புது டிரான்சிஸ்டர்கள் உட்கார்ந்திருந்தன. பாய் பிளக்கைச் சொருகினார். குண்டு பல்பு ஒரு மின்னு மின்னி, மெல்ல மங்கி, உள்ளே ஒரு சிவப்பு நூல் மாதிரி ஆகிவிட்டது. ஸ்பீக்கர் மாட்டுகிற இடத்தில் மீட்டரை வைத்தார். கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்று காட்டியது. அதுதான் இருக்க வேண்டிய அளவாம்.

"அப்ப எடுத்துட்டுப் போகவாக்கா?" என்று எழுந்தேன்.

"உக்காருங்கண்ணே. டீ சொல்லியிருக்கு."

ஆம்ப்ளிபயரை ஓடவிட்டுவிட்டு அவர் வேறு ஒரு ரேடியோவைத் திறந்துகொண்டார். டீ வந்தது, குடித்தோம். மீட்டரை மட்டும் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தார். அதற்குள் தங்கை போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, ரெடியாயிருச்சா? இவுக தம்பி மேலூருக்குச் சொல்லிரவான்னு மூணாவது தடவையா கேக்குறாரு. எங்க மாமியா வேற வாசல்லயே உக்காந்திருக்கு. நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் பாத்துக்கிறேன்."

"ஆயிருச்சுத்தா, வந்துக்கிட்டே இருக்கேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா மீட்டரைப் பார்த்தபடி கையை மட்டும் உயர்த்தினார். எண் நகர்ந்துகொண்டிருந்தது. ஒன்றுமில்லாமல் இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பிறகு சட்டென்று குதித்தது. அதே நொடியில் பல்பும் விழித்துக்கொண்டது. பாய் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"சாயங்காலம் சொல்றேன்" என்று தங்கையிடம் சொல்லி வைத்துவிட்டேன்.

"இப்படியே நீங்க கொண்டு போயிருந்தா, கொஞ்ச நேரம் பாடியிருக்கும்ணே. சூடேறினதும் இன்னொரு ஸ்பீக்கரையும் தின்னுருக்கும்" என்றார் அக்கா. "அன்னைக்குப் போன டிரான்சிஸ்டரு தானாப் போகல. அத எதோ போக வச்சிருக்கு."

போர்டைத் திருப்பி, டேபிள் விளக்கை இழுத்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தேடினார். ஒரு மூங்கில் குச்சியால் ஒவ்வொரு சாமானாக மெதுவாகத் தள்ளிப் பார்த்தார். நான் பஸ் நேரத்தை யோசித்துக்கொண்டு கதவோரம் நின்றேன். வெகுநேரம் கழித்துக் குச்சி ஓர் இடத்தில் நின்றது. ஒரு சின்ன ரெசிஸ்டரின் கால் பச்சை பூத்து அரித்துப் போயிருந்தது. அதைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாக ஏதோ காய்ந்து படிந்திருந்தது.

அக்கா அதைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, ஓரமாக வைத்திருந்த மூடியைப் பார்த்தார்.

"அண்ணே, இதுல தண்ணி எதுவும் பட்டுச்சா?"

"இல்லக்கா. தூத்தல் விழுந்தாலே தார்ப்பாய் போட்டு மூடிருவேன்."

"என்னாது அது, ரசம் கிசம் ஊத்துன மாதிரி..." என்று எட்டிப் பார்த்த பாய் ஏதோ சொல்ல வந்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். பாய் பிளக்கைக் கையில் பிடித்தபடியே வாயை மூடிக்கொண்டு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

அக்கா ஒரு சுத்தமான துணியை எடுத்தார். மூடியையும் துணியையும் என் பக்கம் நகர்த்தினார்.

"இதக் கொஞ்சம் தொடைக்கணும்ணே. நீங்களே தொடைங்க. நான் தொடைக்கிறது மரியாதையா இருக்காது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூடியை மடியில் வைத்துத் துடைத்தேன். மூடியின் நடுவில் சூடு வெளியே போக வரிசையாகக் கீறல் ஓட்டைகள் இருக்கும். அதைச் சுற்றி வருடக்கணக்காக நான் வைத்த சந்தனமும் குங்குமமும் அடை அடையாக இருந்தன. மூடியைத் திருப்பினேன். உள்பக்கத்தில் ஓட்டைகளிலிருந்து ஒழுகி இறங்கிய கோடுகள். மஞ்சள் கோடு, சிவப்புக் கோடு. அவை முடிகிற இடத்துக்கு நேர் கீழேதான் அந்த ரெசிஸ்டர்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஆம்ப்ளிபயரைத் துடைத்து, சந்தனத்தைக் கரைத்துப் பூசிக் குங்குமம் வைப்பேன். எலுமிச்சம்பழத்தை இரண்டாக அரிந்து, குங்குமம் தடவி, மூடியின் நடுவில் வைப்பேன். நடு இடம்தான் நல்ல இடம் என்று நினைப்பு. பழத்தின் சாறு ராத்திரி முழுக்க உள்ளே சொட்டியிருக்கிறது. எனக்குச் சோறு போடுகிற பெட்டி நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டு வைத்த பழம்.

என் தலை நிமிரவில்லை. அக்கா தன் பாட்டுக்குச் சால்டரிங் கம்பியைச் சூடு பண்ணிக்கொண்டே சொன்னார்.

"சாமிக்கு வைக்கிறத வைக்கத்தான் வேணும். முன்னாடிப் பக்கம் எம்புட்டோ எடம் கெடக்கே. காத்துப் போற வழில மட்டும் வேணாம்."

அவ்வளவுதான் சொன்னார். இதே விஷயத்தை வேறு ஒரு கடைக்காரர் கண்டுபிடித்திருந்தால் சந்தில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார். அந்தத் துணியை என் கையில் கொடுத்த விதத்தை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். பழுதைக் கண்டுபிடிக்கிற கண் ஒன்று. அதைச் சொந்தக்காரன் தானே கண்டுபிடித்துக்கொள்ள விடுகிற மனசு இன்னொன்று. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அரித்த ரெசிஸ்டரை மாற்றினார். ஸ்பிரிட்டில் பிரஷை நனைத்துப் படிந்ததையெல்லாம் தேய்த்து எடுத்துக் காய வைத்தார். மறுபடி குண்டு பல்பு. மின்னியது, மங்கியது. இந்தத் தடவை நான் கேட்காமலே உட்கார்ந்துகொண்டேன். சாப்பாட்டு நேரம் தாண்டியும் மீட்டரில் எண் அசையவில்லை. சரியான ஃப்யூஸைப் போட்டு, பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தார். அப்போதும் ஸ்பீக்கர் மாட்டவில்லை. ஸ்பீக்கருக்குப் பதிலாக ஒரு பெரிய ரெசிஸ்டரை மாட்டி, அது தொட முடியாத அளவுக்குக் கொதிக்கிற வரைக்கும் ஓட்டினார். கடைசியில் கடைக்கென்று வைத்திருந்த ஓர் ஓட்டை ஸ்பீக்கரை மாட்டினார். பாய் அதை, "தியாகி" என்று சொல்லி எனக்கு அறிமுகப்படுத்தினார்.

"மைக்ல பேசுங்கண்ணே, சத்தம் பாப்போம்."

"ஹலோ" என்றேன்.

"அம்புட்டுதானா மாப்ள? நாளைக்கு மாமன் சீர் வருதுன்னு சொல்லிப் பழகு."

எனக்கு வரவில்லை. பாயே மைக்கை வாங்கி, "வாடிப்பட்டித் தாய்மாமன் சீர் வருதுடோய்!" என்று கத்தினார். சந்தில் போன ஒருவர் நின்று கடைக்குள் எட்டிப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

கிளம்பும்போது எனக்கும் ஒரு பல்புப் பலகை செய்து கொடுத்தார்கள். முட்டை அட்டையிலிருந்து ஒரு பல்பையும் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். "எடம் மாறுனா மொதல்ல இதுல போடுங்க. மங்குனா நேரா சொருகலாம். முழுசா எரிஞ்சா நீங்க எதும் செய்யக் கூடாது, புடுங்கிட்டு இங்க வாங்க" என்றார் அக்கா. தங்கைக்குப் போன் போட்டு, "கொண்டு வாரேன்" என்றேன். அவள் நீளமாக மூச்சு விட்டது கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை திருவாதவூரில் பந்தலுக்குள் பெட்டிகளை இறக்கினேன். சொந்தக்காரர்கள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள். பூசாரி அவசரப்படுத்தினார். நான் பல்புப் பலகையை எடுத்து வைத்ததும் தங்கையின் கொழுந்தன் பக்கத்தில் வந்து நின்றான்.

"என்ன மச்சான், பகல்ல பல்பு போடுறீக? மேலூர்ச் செட்டா இருந்தா இந்நேரம் ரெண்டு பாட்டு ஓடியிருக்கும்."

நாலு பேர் சிரித்தார்கள். சமையல் பக்கம் நின்ற தங்கை இங்கேயே பார்த்தாள். வழக்கமாக இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு எதையாவது தப்பாக மாட்டுவேன். அன்றைக்கு எனக்கு அந்த மேஜையும், மீட்டரைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு டீ குடித்த அந்த அம்மாவும்தான் ஞாபகம் வந்தது.

"இருங்க மாப்ள. பாத்துட்டுதான் பாட்டு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

சொருகினேன். குண்டு பல்பு பளீரென்று மின்னியது. நான் அதையே பார்த்தேன், பந்தலில் பக்கத்தில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். மெல்ல மங்கிச் சிவப்பு நூலாக நின்றது. பிளக்கைப் பிடுங்கிக் கொழுந்தன் கையில் கொடுத்தேன்.

"நான் ஸ்பீக்கர் வயரு மாட்டி முடிக்கிற வரைக்கும் இதக் கையிலயே வச்சுக்கங்க. கீழ வச்சிராதீக."

அவன் பிளக்கை ஒரு தரம் பார்த்துவிட்டு இறுகப் பிடித்துக்கொண்டான். அவனைத் தேடி வந்த ஒருவர், "என்னாப்பா இது கையில?" என்று கேட்டதற்கு, "மச்சான் வேல பாக்குறாரு, இத விடக் கூடாது" என்று என்னைவிடக் கண்டிப்பாகச் சொன்னான்.

வயரை மாட்டிக் கையை எடுத்துக்கொண்டேன். "எடுத்தாச்சா?" என்று கேட்கத் தேவையில்லைதான். ஆனாலும் கேட்டேன். அவன் தூக்கிக் காட்டினான். பலகையை விட்டுவிட்டு நேராகச் சொருகச் சொன்னேன்.

செட்டு பாடியது. பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். அவசரத்தில் யாரோ மைக்கைப் பக்கத்திலேயே விட்டிருந்தார்கள். ஊசி காதில் இறங்கியதும் பிள்ளை போட்ட வீறல் இரண்டு பெட்டியிலும் இரண்டு குழாயிலும் தெரு முனை வரைக்கும் போனது. பந்தலே சிரித்தது. வாசலில் உட்கார்ந்திருந்த தங்கையின் மாமியார் காதைப் பொத்திக்கொண்டு, "ஆத்தாடி, யாரு செட்டு இது, இந்தப் போடு போடுது?" என்றார்.

தங்கை பிள்ளையை வாங்கிக்கொள்ள வந்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே மைக்குக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"எங்க அண்ணன் செட்டு."